மணி அடிக்காத சந்தையில் நான்கு பீப்பாய் மீன்

மணி அடித்தால்தான் சந்தை. அதற்கு முன் ஓர் ஊசி கைமாறினாலும் சரக்கு பறிமுதல். டென்மார்க் மன்னர் வெஸ்டர்கோப் நகரத்துக்கு அருளிய சாசனத்தில், நல்ல ஆட்டுத்தோலில், அப்படித்தான் எழுதியிருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை மணிக்கயிறு அறுந்துபோனது. மீன்காரி குன்னில்டு நான்கு பீப்பாய் ஹெரிங் மீனோடு சந்தையில் நின்றாள். அது விற்றால்தான் பனிக்காலத்தில் அவள் வீட்டில் ரொட்டி.

"புதுக் கயிறு கட்டுங்களேன் ஐயா," என்றாள் சந்தை அதிகாரி பால்னேயிடம்.

"கட்டணும்னா வாங்கணும். வாங்கணும்னா மணி அடிக்கணும்."

"அந்தா எஸ்பெர்ன் கயிறுதானே விக்கிறான்? சும்மா குடுக்கச் சொல்லுங்க."

"சும்மா குடுத்தா சுங்கம் எதுலம்மா போடுறது? மன்னர் சொத்தைக் கொள்ளையடிக்கச் சொல்றியா?"

"அப்ப மேல ஏறி சுத்தியால ஒரு தட்டு தட்டுங்க!"

பால்னே பதறிவிட்டார். "கயித்தை இழுத்து அடிக்கணும்னுதான் இருக்கு. தட்டுனா அது மணியே இல்ல, வெறும் சத்தம்."

புதன் போனது, வியாழனும் போனது. மீன் தன் இருப்பை மூன்று தெருவுக்கு அறிவித்தது. குன்னில்டு அழுதாள், ஏசினாள், மண்ணை வாரித் தூற்றினாள். நகரசபை மூக்கைப் பொத்திக்கொண்டு கூடி, ஏகமனதாகத் தீர்மானித்தது: 'மணி அடிக்காத நாள் விடிந்ததாகக் கருதப்படமாட்டாது. ஆகவே இன்றும் செவ்வாய்க்கிழமையே. ஆகவே மேற்படி மீன் புதிய மீனே.' நான்கு பீப்பாய்களிலும் சூட்டுக்கோலால் சபை முத்திரை பதிக்கப்பட்டது.

வெள்ளியன்று பால்னே தன் மாட்டுக் கயிற்றை அவிழ்த்துவந்து மணியில் கட்டி இழுத்து அடித்தார். அது போன வருஷமே முறைப்படி வாங்கியது. "இதை அன்னைக்கே செஞ்சிருக்கலாமே!" என்றாள் குன்னில்டு. "யாரும் மனு குடுக்கலையே," என்றார்.

மீனைக் கடலில் கொட்டத்தான் அவள் பீப்பாயை உருட்டினாள். அதற்குள் கூட்டம் மொய்த்துவிட்டது.

"சபையே முத்திரை போட்ட மீனாம்டி!" என்றாள் பீர் காய்ச்சுபவன் மனைவி இங்கெர்டு.

"குடலைப் புடுங்குதே அக்கா!"

"அது முத்திரை வாசனை. பெரிய எடத்துல எல்லாம் இப்ப இதான்."

இரட்டை விலைக்கு நான்கு பீப்பாயும் காலியானது. வாங்கியவர்கள் இரண்டு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெருமையாகப் படுத்திருந்தார்கள்.

அடுத்த செவ்வாய் மணி ஒழுங்காக அடித்தது. குன்னில்டு விடியலில் பிடித்த மீனைக் கொண்டுவந்தாள். ஒன்றிரண்டு இன்னும் துள்ளின. இங்கெர்டு குனிந்து முகர்ந்து பார்த்து முகம் சுளித்தாள்.

"வாசனையே இல்லையே. யாரை ஏமாத்தப் பாக்குறே?"

மத்தியானம்வரை ஒரு மீன்கூட விற்கவில்லை. குன்னில்டு பீப்பாய்களை நல்ல வெயிலாகப் பார்த்து உருட்டிவைத்தாள். பிறகு மீன் அறுக்கும் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு, மணிக்கூண்டுப் படியேறினாள்.