கப்டன் சலூனும் குசினி யன்னலும்

சலூன் கதிரையைக் கழற்றி லொறியில் ஏற்றிய அன்று காசிம் நானா நின்றார், அம்மா நின்றார், அலுவலகத்தில் அரைநாள் லீவு போட்டுவிட்டு நானும் நின்றேன். கடைவரிசையை விற்றவர் வரவில்லை, அவர் கனடாவில். வாங்கிய கொழும்புக்காரர் வரவில்லை. சாவியை வாங்க ஓர் ஆளை அனுப்பியிருந்தார். கப்டனும் வரவில்லை. கதிரை அவருடையது, சலூன் அவருடையது, ஆள் மட்டும் இல்லை.

திருகோணமலைத் துறைமுகத்தைக் கடவுள் படைத்தார் என்பதைக் கப்டன் ஒத்துக்கொள்வார். படைத்த பிறகு அதைப் பார்த்துப் பராமரித்து வருவது தான்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. கடலின் ஆழத்தை அவர் சொல்வதைக் கேட்டால் போன கிழமைதான் இறங்கி அளந்துவிட்டு வந்தவர் என்று நினைப்பீர்கள். உண்மையில் அவர் ஒரே ஒரு தடவைதான் படகில் ஏறினார். மூதூரில் ஒரு கல்யாணம். கயிற்றை அவிழ்ப்பதற்கு முன்னமே சத்தி எடுக்கத் தொடங்கி, இறங்கி, பஸ்ஸில் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது பந்தி முடிந்திருந்தது. அன்றைக்கு விழுந்த பெயர்தான் கப்டன். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் பங்குச் சாமியாருக்கு மட்டும் தெரியும்.

நங்கூரம் பதித்த ஒரு வெள்ளைத் தொப்பி எந்நேரமும் அவர் தலையில் இருக்கும். தன் முடிவெட்டில் மயங்கிய வெளிநாட்டுக் கப்பல் அதிகாரி ஒருவர் கழற்றித் தந்தது என்பார். அந்த மனுசன் மறந்துபோய் விட்டுவிட்டுப் போனது என்பது நானாவின் கட்சி.

உள்துறைமுகத்தைப் பார்த்தபடி எங்கள் வரிசையில் மூன்று கடைகள். முதலில் நானாவின் கயிறு, வலைக் கடை. நடுவில் சலூன். கடைசியில் அம்மாவின் இடியாப்பக் கடை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்தவன் நான்தான். அந்தப் படிப்பு அவ்வளவும் அந்தக் கடையின் ஆவியில் அவிந்து வந்தது.

கப்டனின் தொழில்முறை தனி. வெட்டிக்கொண்டிருக்கும்போது வெளியே ஒரு வெள்ளைக்காரர் நின்று கடலைப் பார்த்தால் போதும், கத்தரிக்கோலை வைத்துவிட்டு, "கொஞ்சம் இருங்கோ, வாறன்" என்று இறங்கிவிடுவார். துறைமுகத்தின் வரலாறு முழுவதும் முடிந்த பிறகுதான் திரும்புவார். ஒருமுறை மாப்பிள்ளை ஒருவரை ஒரு கன்னம் மட்டும் மழித்தபடி விட்டுவிட்டுப் போனார். காத்திருந்து பார்த்த மாப்பிள்ளை, கழுத்தில் கட்டிய துணியோடு தெருவுக்கு வந்து, கடைசியில் அவரும் நின்று கேட்கத் தொடங்கிவிட்டார். வெள்ளைக்காரர் கடலை விட்டுவிட்டு மாப்பிள்ளையைப் படம் எடுத்தார்.

பிறகு பக்கத்து வீடுகள் ஒவ்வொன்றாக விருந்தினர் விடுதிகளாக மாறின. மஞ்சள் வெளிச்சம், மூங்கில் கதிரை, வாசலில் வெளிநாட்டுச் செருப்புகள். அடுத்தது எங்கள் வரிசையோ என்று நாங்கள் கணக்குப் பார்த்தோம். கப்டனுக்குத் திருவிழா. "தம்பி, எங்கட லைன் இனி எழும்பும்" என்றார். சலூனுக்குக் கடல் நிறம் அடித்தார். நானாவின் கயிற்றுச் சுருள்களை வாசலில் வடிவாக அடுக்க வைத்தார். வாங்க வந்த மீனவர்கள் அந்த அடுக்கைக் குலைக்கப் பயந்து வேறு கடைக்குப் போனார்கள்.

வெள்ளைச் சேர்ட்டுப் போட்ட அந்தக் கொழும்புக்காரர் முதன்முதலில் வந்த நேரம் நான் சலூன் கதிரையில் இருந்தேன். இடப்பக்கம் வெட்டியாகிவிட்டது, வலப்பக்கம் காடு. வாகனத்தில் இருந்து இறங்கி, எங்கே நின்றால் கடல் நன்றாகத் தெரியும் என்று சிங்களத்தில் கேட்டார். கேட்கக்கூடாத ஆளிடம் கேட்டார். கப்டனின் சிங்களம் அவருடைய தமிழைவிட அலங்காரமானது.

நடந்ததில் பாதியை நான் கண்ணாடியில் பார்த்தேன், மீதியைக் காதால் கேட்டேன். முதலில் கப்டன் நானாவின் கடைச் சுவரைத் தட்டிக் காட்டினார்: பழைய கல், எந்த வெயிலுக்கும் உள்ளே குளிர்தான். பிறகு அம்மாவின் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போய் யன்னலைத் திறந்தார்: பின்னேரம் சூரியன் இறங்குவதை இந்த ஊரில் இதைப்போல் காட்ட வேறு இடமில்லை. வந்தவர் சும்மா போகக்கூடாது என்று அம்மா இடியாப்பமும் சம்பலும் வைத்தார். வந்தவர் விரலைச் சூப்பிச் சாப்பிட்டார். அந்தச் சந்தோசத்தில் கப்டன் தெருவில் நின்றுகொண்டு, இங்கே வாடகை ஒன்றுமேயில்லை, சொந்தக்காரர் கனடாவில், இடத்தின் பெறுமதி அந்த மனுசனுக்கே தெரியாது என்றும் சொல்லிவிட்டார்.

நானா இருமினார். இருமலில் சுவரே ஆடியிருக்கும். நான் கண்ணாடிக்குள் இருந்து தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினேன். கப்டன் வாசலில் இருந்தே எட்டிப் பார்த்தார்.

"ஆடாதேங்கோ தம்பி, வெட்டு கோணிப் போடும்."

கையில் கத்தரிக்கோலே இல்லை.

மழை தொடங்குவதற்கு முன் கனடாவில் இருந்து நானாவுக்கு ரெலிபோன் வந்தது. வரிசை விற்றாகிவிட்டது, புதுவருசத்துக்குள் மூன்று பேரும் எழும்ப வேண்டும். கீழே கோப்பிக் கடை வரும், மேலே அறைகள் வரும். எழுத்தில் ஒன்றுமில்லாமல், சொல்லை நம்பி இருந்த கடைகள் எங்களுடையவை. யாரிடம் போய் எதைக் காட்டுவது?

கப்டன் மட்டும் அசையவில்லை. "எங்களை எழுப்பமாட்டினம். அவர் எனக்குக் கை தந்தவர். ரெண்டு கையாலயும்."

நானா கயிற்றைச் சுற்றிக்கொண்டே சொன்னார்: "கப்டன், ஒங்கட வாய்க்கு ஒரு வாடகை வாங்கியிருந்தா இந்த லைனை நாங்களே வாங்கியிருக்கலாம்."

கப்டன் சிரித்தார். நானா சிரிக்கவில்லை.

பிறகொரு நாள் கொழும்புக்காரர் பொறியியலாளரோடு வந்தார். கப்டன் தொப்பியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முன்னால் போய் நின்றார். கொழும்புக்காரருக்குக் கப்டனை அடையாளம் தெரியவில்லை. வேலையாள் என்று நினைத்திருக்க வேண்டும். அளவுநாடாவின் நுனியைக் கையில் கொடுத்து, அந்த மூலையில் பிடிக்கச் சொன்னார். கப்டன் பிடித்தார். தன் சலூனை நீளமாகவும் அகலமாகவும் அவர்கள் அளந்து முடிக்கும்வரை ஒரு சொல் பேசாமல் பிடித்துக்கொண்டு நின்றார். நாடாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனவர் பிறகு வரவேயில்லை.

எனக்குக் கப்டன்மேல் கோபம் இருந்தது. கடைசிக் கிழமையில் ஒரு பின்னேரம் அதை அம்மாவிடம் கொட்டினேன். அம்மா குசினி யன்னலடியில் நின்றார். அடுப்பு அணைந்திருந்தது.

"அந்த மனுசன் பொய் ஒண்டும் சொல்லேல்லை, தம்பி. வடிவாத்தான் இருக்கு. நான் இவ்வளவு காலமும் அடுப்பைத்தானே பாத்தனான்."

இருட்டும்வரை அம்மா அங்கேயே நின்றார்.

இப்போது அம்மா வீட்டில் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறார். உழைப்பு அதே அளவு, கைக்கு வருவது பாதி. நானா பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஓர் ஒடுங்கிய இடத்தில் கயிறு விற்கிறார். கப்டனின் கதிரையை நாங்கள் லொறியில் கொண்டுபோய் அன்புவழிபுரத்தில் அவர் இருக்கிற மச்சாள் வீட்டு முன்னறையில் இறக்கினோம். யன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டு மதில். கதிரையின்மேல் போட்ட சாக்கை அவர் எடுக்கவேயில்லை. எங்கள் முகத்தைப் பார்க்க ஏலாமல் இருக்கிறார் என்று மச்சாள் சொன்னார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானா என்னையும் கூட்டிக்கொண்டு அங்கே போனார். கேட்காமல் சாக்கை இழுத்துப் போட்டுவிட்டுக் கதிரையில் ஏறி இருந்தார். கப்டன் கதவடியில் நின்றார்.

"நானா, என்னில கோவமில்லையோ?"

"கோவம் இருக்கு. அது பாட்டுக்கு இருக்கட்டும், நீங்க வெட்டுங்க."

கப்டன் துணியை எடுத்து உதறினார்.

அன்றில் இருந்து மாதம் ஒருமுறை இருவரும் போகிறோம். நகரத்தில் எங்கள் இருவருக்கும் கிட்ட வேறு சலூன்கள் இருக்கின்றன. ஒன்றில் ஏசிகூட உண்டு. நானாவின் தலையிலோ வெட்டுவதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. கப்டனுக்கு ஆளுக்கு நானூறு, ஓட்டோ போய்வர எண்ணூறு. ஆக ஆயிரத்து அறுநூறு ரூபாய்.