புதன்கிழமை மாலை ஐந்து மணி, இந்திய நேரப்படி

தெளிவாகப் பேசி உருப்பட்டவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். என் வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் நான் தெளிவாகப் பேசினேன். அதில் எனக்கிருந்த ஒரே அண்ணனை இழந்தேன். (ஆள் நன்றாகத்தான் இருக்கிறார். காங்கேயத்தில் தேங்காய்க் களம் வைத்திருக்கிறார். எனக்குத்தான் இல்லை.)

வினை ஆரம்பித்தது சரவணம்பட்டியில், நான் வேலை பார்த்த கம்ப்யூட்டர் கம்பெனியில். வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் போனில், ரிப்போர்ட் எப்போது கிடைக்கும் என்று கேட்டார். "பை ஈவினிங், சார்" என்றேன். எந்த நாள் ஈவினிங், எந்த ஊர் ஈவினிங் என்றார் அவர். "டுடே ஆர் டுமாரோ, சார்" என்றேன், மிகுந்த பணிவோடு. பக்கத்திலிருந்த மேனேஜர் கண்களை மூடிக்கொண்டார்.

என்ன தப்பு என்று எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் சாயங்காலம் என்றால் வெயில் தாழ்ந்ததிலிருந்து டிவி சீரியல் முடிகிற வரை. 'இதோ வாரேனுங்க' என்றால் ஆள் இன்னும் குளிக்கவில்லை. ஒருவரிடம் இத்தனை மணிக்குள் என்று அடித்துச் சொல்வது, அவர் சட்டையைப் பிடிப்பது மாதிரி. அதனால் 'உங்களுக்குத் தோதுப்படறப்போ பாருங்க' என்று விட்டுவிடுவோம். அவரும் எப்படியோ செய்துவிடுவார். இல்லாவிட்டால் செய்ய மாட்டார்.

அந்த வருடம் பதவி உயர்வு வேறொருத்திக்குப் போனது. எனக்குக் 'கெடுவைத் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை' என்ற ஒரு வரியும், ஒரு பயிற்சி வகுப்பும் கிடைத்தன. குளிரில் நடுங்க வைக்கும் ஏசி அறையில் ஓர் அம்மையார் நின்றுகொண்டு, கிழமையைச் சொல்லுங்கள், மணியைச் சொல்லுங்கள், எந்த நாட்டு நேரம் என்று சொல்லுங்கள், தவறினால் என்ன ஆகும் என்பதையும் சொல்லுங்கள் என்றார். நான் எழுதிக் காட்டிய கடிதத்தைப் பார்த்து 'எக்ஸலன்ட்' என்று கத்தினார். எல்லோரும் கைதட்டினார்கள். பரிசாக ஒரு காபிக் கோப்பையும் தந்தார்கள். அந்தக் கோப்பை வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போதுதான் என் மகளுக்குக் காதுகுத்து வைத்தோம், காங்கேயம் பக்கத்தில் எங்கள் குலதெய்வக் கோயிலில். குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். கம்மலும் அவர்தான் எடுத்து வருவார். நானும் கணவரும் முறைப்படி அண்ணன் வீட்டுக்குப் போய், வெற்றிலைத் தட்டு வைத்து அழைத்துவிட்டோம். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது, சமையல்காரர் போன் செய்கிற வரை.

"ஏனுங்கம்மணி, எத்தன எலைன்னு சொல்லாம நான் எப்படிங்க சாமான் வாங்கறது?"

அண்ணனைக் கூப்பிட்டேன். "ஏனுங்கண்ணா, உங்க பக்கத்துல இருந்து எத்தன பேருங்க வர்றீங்க?"

"வாரோம் கண்ணு. வராம எங்க போறோம்?"

"எத்தன பேருன்னு..."

"அதெல்லாம் பாத்துக்கலாம், உடு கண்ணு."

மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் பாத்துக்கலாம். எனக்குள் இருந்த எக்ஸலன்ட் விழித்துக்கொண்டது. சொந்தபந்தம் மொத்தமும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் இங்கிலீஷில் ஒரு செய்தி அடித்தேன். வருகிறவர்கள், முக்கியமாக அண்ணன் வீட்டார், தங்கள் வருகையைப் புதன்கிழமை மாலை ஐந்து மணிக்குள் உறுதி செய்ய வேண்டும். இந்திய நேரப்படி. (சரவணம்பட்டிக்கும் காங்கேயத்துக்கும் நடுவில் கடல் ஏதும் இல்லை என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.) அதன்பின் தெரிவிப்பவர்களுக்கு ஏற்பாடு செய்ய இயலாது.

எல்லோரும் பார்த்ததற்கு அடையாளமாக நீலக் கோடுகள் வந்தன. பெரியப்பா மட்டும் கும்பிடுகிற கைகள் போட்டார். அண்ணன் ஒன்றும் போடவில்லை. புதன்கிழமை மணி ஐந்தானது. சும்மா இருந்திருக்கலாம். 'நன்றி, கணக்கு முடிக்கப்பட்டது' என்று இன்னொன்றையும் அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் அண்ணியும் கோயிலுக்கு வந்தார்கள். எனக்கு உயிர் வந்தது. ஆனால் சீர்த்தட்டு எதுவும் வரவில்லை. இரண்டு பேரும் மண்டபத்தில் கடைசி வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில், யார் வீட்டு விசேஷத்துக்கோ வந்தவர்கள் போல் உட்கார்ந்தார்கள். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு என் மகள் "மாமா" என்று ஓடினாள். தூக்கிக் கொஞ்சினார். பிறகு இறக்கிவிட்டு, "அம்மாகிட்டப் போ சாமி" என்றார்.

காது குத்த வந்த ஆசாரி, "மாமன் வந்து உக்காருங்க" என்றார். அண்ணன் எழவில்லை. என் கணவர் போய் அழைத்தார்.

"நல்ல நேரம் போகுதுங்க மச்சான், வாங்க."

"நான் அஞ்சு மணிக்குள்ள சொல்லலைங்களே மாப்பள. ஏற்பாடு பண்ண முடியாதுன்னு மேடம் போட்டிருக்காங்க."

கூட்டத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். நான் ஓடினேன். "அண்ணா, ஆபீஸ்ல எழுதற மாதிரி எழுதிப்போட்டேனுங்க. உங்களுக்கு வேற மாதிரி புரிஞ்சிருச்சுங்க."

"இல்லைங்க மேடம். நல்லாத் தெளிவாத்தான் இருந்துச்சு. என்ற மடியில உக்கார்ற புள்ளைக்கு நான் வருவனா மாட்டனான்னு ஊரைக் கூட்டி வெச்சுக் கேட்டிருந்தீங்க."

எனக்கு அழுகைதான் வந்தது. அண்ணன் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து என் கணவர் கையில் வைத்தார். கம்மல்.

"இதுக்கு எத்தன மணிக்குள்ளன்னு ஒண்ணும் போடலைங்களே" என்றார்.

கடைசியில் பந்தி எப்போது என்று பார்த்துக்கொண்டிருந்த என் சித்தி மகனை இழுத்து வந்து உட்கார வைத்தார்கள். அவனும் மாமன் முறைதானாம். என் மகள் அவன் மடியில் துள்ளினாள். ஊசிக்கு முன்பே "அந்த மாமா, அந்த மாமா" என்று கடைசி வரிசையைக் காட்டி அழுதாள். குத்தி முடிக்கிற வரை அண்ணன் இருந்தார். முடிந்ததும் கை நனைக்காமல் கிளம்பிப் போனார். அண்ணி ஒரு முறை திரும்பிப் பார்த்தார். அண்ணன் பார்க்கவில்லை.

சமையல்காரர் என்னிடம் வந்து, "சோறு நெறைய மிஞ்சிப்போச்சுங்கம்மணி" என்றார்.

இன்றைக்கும் அந்தச் செய்தியை எடுத்துப் படித்துப் பார்க்கிறேன். ஒரு குறை சொல்ல முடியாது. கிழமை இருக்கிறது, மணி இருக்கிறது, நாடே இருக்கிறது. அந்த அம்மையாரிடம் காட்டினால் இன்னொரு கோப்பை தருவார். (அடுத்த வருடப் பதவி உயர்வும் எனக்கு வரவில்லை. 'சீக்கிரம் அனுப்பிடறேன்' என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லத் தெரியாத ஒருவனுக்குப் போனது.)

எங்கள் குடும்பத்தில் இப்போது யாரை எதற்குக் கூப்பிட்டாலும், "அஞ்சு மணிக்குள்ள சொல்லோணுங்களா?" என்று கேட்கிறார்கள். கல்யாணத்தில் கேட்கிறார்கள், எழவு வீட்டில்கூட ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரிக்கிறார்கள், நானும் சிரிக்கிறேன். அண்ணன் பேச்சை நிறுத்தவில்லை. அதுதான் கொடுமை. என் கணவரோடு பேசுகிறார், மகளைக் கொஞ்சுகிறார். என்னை மட்டும் 'மேடம்' என்கிறார். 'கண்ணு' போயே போய்விட்டது.

போன மாதம் தன் மகள் கல்யாணத்துக்கு அழைக்க வீட்டுக்கு வந்தார். முறைப்படி தட்டு வைத்தார். கிளம்பும்போது, "வர்றதா இருந்தா புதன்கிழமைக்குள்ள சொல்லிப்போடுங்க மேடம்" என்றார். வீடே சிரித்தது. என் கணவர் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்.

புதன்கிழமை மத்தியானமே அனுப்பிவிட்டேன், தமிழில். 'வாரேனுங்கண்ணா. முன்னாடி நாளே வந்து கூடமாட இருக்கேன்.' நீலக் கோடு வந்தது. போனைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மாலை சரியாக ஐந்து மணிக்குப் பதில் வந்தது.

'நோட்டட், மேடம்.'