ஊர் கேட்டால் இறங்கும் கல்

கொக்கிக்காரர் அண்ணாந்து பார்த்தபோது, மகளின் சான்றிதழ்ப் பை இருபது மாடி உயரத்தில் கல்லின் மேல் சுகமாக உட்கார்ந்திருந்தது.

மகள் வாங்கிய மதிப்பெண்ணைத் தன்னோடு வேலை செய்கிறவர்களிடம் காட்டாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. வீட்டில் சொல்லாமல் எடுத்து வந்தார், காட்டினார். கொக்கி மாட்ட இரண்டு கையும் வேண்டுமே என்று பையைக் கல்லின் மேல் வைத்து, பறக்காமலிருக்க ஸ்பானரையும் வைத்தார். மாட்டினார். கல் கிளம்பிவிட்டது. நாலு மணிக்குள் வீட்டுக்குப் பின்தெருக் கல்லூரியில் மகள் பெயரைப் பதிய வேண்டும். மணி இரண்டரை.

அவர் வேலை பார்த்த மின்சாரக் கோபுரத்தின் பிழைப்பே கல்லை ஏற்றி இறக்குவதுதான். வெயிலில் எடுத்த மின்சாரம் மிஞ்சினால் முப்பது டன் கல்லை மேலே ஏற்றும். ஊருக்குப் போதாதபோது இறக்கும். இறங்குகிற பாரம் மின்சாரமாகும்.

கிரேன்காரனிடம் இறக்கச் சொன்னார்.

"என் கையில என்னண்ணே இருக்கு? எல்லாம் கம்ப்யூட்டர். ஊர் கேட்டாத்தான் இறங்கும். நான் திரையை முறைச்சுக்கிட்டு இருக்கத்தான் சம்பளம்."

ஊர் கேட்கவேண்டும், அவ்வளவுதானே? மனைவிக்குப் போன் போட்டார்.

"கிரைண்டர், ஹீட்டர், இஸ்திரிப்பெட்டி, எல்லாத்தையும் போடு."

"என்னங்க, பாப்பா இப்பத்தான்..."

"பாப்பா கதையெல்லாம் அப்புறம். போடுன்னா போடு."

ஒரு வீட்டுக் கரண்ட் யானைப் பசிக்குச் சோளப்பொரி. கல் அசையவில்லை. கூட வேலை செய்தவர்கள் இரக்கப்பட்டு அவரவர் வீட்டுக்குச் சொன்னார்கள். எல்லோருக்கும் ஒரே தெரு. வெறும் கிரைண்டர்கள் காற்றை அரைத்தன.

கல் குலுங்கி இறங்கியது. பத்தாவது மாடியில் நின்றது. கொக்கிக்காரர் மூச்சு வாங்க ஏணியில் ஏறினார். கை நீட்டியபோது, கல் அவரைத் தாண்டி மேலே போனது.

"தெரு டிரான்ஸ்பார்மர் போச்சுண்ணே. இப்ப யாரும் கேக்கல, மிஞ்சினதை வச்சு மறுபடி ஏத்துது" என்று கீழிருந்து கிரேன்காரன் கத்தினான்.

இந்தத் தடவை உச்சி மாடி.

வெயில் தாழ்ந்து ஐந்தரைக்குக் கல் தானாகவே இறங்கியது. கெஞ்சியாவது பார்க்கலாம் என்று பையை அணைத்துக்கொண்டு கரண்ட் இல்லாத தெரு வழியே ஓடினார். காட்டாமல் இருந்திருக்கலாம், காட்டியதும் கையிலேயே வைத்திருக்கலாம். ஓட ஓட இதையே சொல்லிக்கொண்டார்.

கல்லூரிக் காவலாளி கேட்டைப் பூட்டிக்கொண்டிருந்தார். மகள் பெயரைச் சொல்லிப் பையை நீட்டினார் இவர்.

"இது எதுக்குய்யா? அந்தப் பொண்ணு நகலை வச்சுக்கிட்டு மூணு மணிக்கே வந்துருச்சு, அதுவே போதும்னாங்க. முன்தெரு டிரான்ஸ்பார்மர்தான் இங்கயும், பேரை அடிச்சு முடிக்கிறதுக்குள்ள கரண்ட் போயிருச்சு, நாலு மணிக்குப் பட்டியல் தானா மூடிக்கிச்சு. எந்தப் புண்ணியவானோ தெரு பூரா எல்லாத்தையும் ஒண்ணாப் போடச் சொன்னானாமே?"