தலைவருக்குப் பெரிய எழுத்து

"தலைவர், மூக்கைக் கொண்டுபோய் முட்டினாப்போல எழுத்துப் பெருக்காது," என்றாள் யூலியானா.

கிறகோரி சம்மாட்டி திடுக்கிட்டுக் கணினித் திரையிலிருந்து முகத்தை எடுத்தார். முல்லைத்தீவுக் கரையில் இருக்கும் அந்தக் கடற்றொழிலாளர் சங்கத்துக்கு, சொந்தப் படகும் வலையும் உள்ள சம்மாட்டியான அவர்தான் தலைவர். அவள் அங்கே புதிதாக வந்த எழுதுவினைஞர்.

"தூசி கிடக்கு பிள்ளை. அதைத்தான் பாத்தனான்."

"தூசியையோ, நேற்று வந்த ஈமெயிலையோ?"

மனுசன் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். புனித அந்தோனியார் மேல் அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் உண்மை வெளியே வந்தது. இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்துவிட்டது. ஒப்பரேசனுக்கு நாள் குறித்து அறிவிப்பதாக ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் வருகிற ஞாயிறு, பூசை முடிந்த கையோடு பொதுக்கூட்டம். தலைவர் தெரிவும் அதில்தான். கண் தெரியாது என்ற கதை அதற்குள் வெளியே போனால் தலைவர் கதிரை போய்விடும். சங்க உறுப்பினன் கொலின்ஸ் அங்கே வந்தால் அந்தக் கதிரையைப் பார்த்தபடிதான் தேத்தண்ணீர் குடிக்கிறான்.

"அப்ப இவ்வளவு காலமும் கடிதங்களை என்னெண்டு வாசிச்சனீங்கள்?"

"நான் எங்கை வாசிச்சன்?" என்றார் கிறகோரி, கொஞ்சம் பெருமையோடு. "வெளியில வாங்குப் பலகையில இருக்கிற ஆரையும் கூப்பிட்டு, 'சங்கத்துக் கடிதம் எல்லாருக்கும் பொது, உரத்து வாசி' எண்டுவன். என்ன மறுமொழி எழுதுறதெண்டும் அவையையே கேப்பன். ஒரு குருவிக்கும் சந்தேகம் வரேல்லை."

அந்தச் சாமர்த்தியத்தில்தான் மண் விழுந்திருந்தது. கடற்றொழில் திணைக்களம் கடிதத்தை விட்டுவிட்டு எல்லாவற்றையும் மின்னஞ்சலில் அனுப்பத் தொடங்கியிருந்தது. தலைவர் பெயரில் கடவுச்சொல் போட்டுப் பூட்டிய பெட்டியை, வாங்கில் இருக்கிறவனைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னால் அவன் ஏன் என்று கேட்க மாட்டானா?

யூலியானாவுக்கு இரக்கம் வந்துவிட்டது. கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு எழுத்தைப் பெருப்பிக்கத் தொடங்கினாள்.

"இன்னும் பெருப்பி."

"இனிப் பெருப்பிச்சால் ரெண்டு மூண்டு சொல்லுத்தான் திரையில நிக்கும்."

"நிக்கட்டும். வலையிலையும் ஒவ்வொரு மீனாத்தானே கழட்டுறம்."

எழுத்து ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவுக்கு வந்து நின்றது. கிறகோரிக்கு ஆனந்தம். வெக்கை தாங்காமல் கதவை மறுபடி திறந்துவிட்டு, வாய்விட்டு எழுத்துக்கூட்டினார். ஆனால் அவருக்கே தெரிகிற எழுத்து ஊருக்கும் தெரியும் என்று இருவருமே யோசிக்கவில்லை. வெளி வாங்கில் கருவாட்டுக் கூடையோடு புனிதம் இருந்தாள். அவளும் சங்க உறுப்பினர்தான். திரையில் 'உறுப்பினர்களுக்குப் புதிய எஞ்சின்' என்று தலைப்பின் முன்பாதி மட்டும் நின்றது. 'கேட்ட விண்ணப்பம் நிராகரிப்பு' என்ற பின்பாதி திரைக்குக் கீழே எங்கேயோ கிடந்தது.

மத்தியானத்துக்குள் கரை முழுக்க எஞ்சின் கதைதான். ஒருவர் தன் பழைய எஞ்சினை மச்சானுக்குத் தூக்கிக் கொடுத்தேவிட்டார். பின்பாதியை ஆளாளுக்கு விளங்கப்படுத்துவதற்குள் கிறகோரிக்குத் தொண்டை கட்டிப்போயிற்று.

மறுநாள் திரையை வாசலுக்கு முதுகு காட்டத் திருப்பி வைத்தார்கள். அப்படி வைத்தால் அது கடற்பக்கத்து யன்னலைப் பார்த்தது. கடல் வெளிச்சம் நேரே வந்து திரையில் அடிக்க, கிறகோரியின் கண்ணிலிருந்து நீர் ஓடியது.

"எழுத்துக்குப் பின்னால இருக்கிற வெள்ளையைக் கறுப்பாக்கி, எழுத்தை வெள்ளையாக்கினால் கூசாது தலைவர். கண் ஏலாதவைக்கெண்டே இதைச் செய்து வைச்சிருக்கினம்."

"செய் பிள்ளை. சத்தம் போடாமல் செய்."

அவள் செய்தாள். செய்ததோடு நின்றிருக்கலாம். திறந்ததும் தன்னுடைய பெட்டிதான் என்று அவருக்கு உடனே தெரியட்டும் என்று, அவருடைய படத்தையும் பெரிதாகப் போட்டுவிட்டாள். போன கோயில் பெருநாளில் எடுத்த படம். வெள்ளைச் சேட்டு, கும்பிட்ட கை, அடக்கமான சிரிப்பு. அதற்குக் கீழே முழுப் பெயர். வேலை முடிந்த திருப்தியில் இருவரும் தேத்தண்ணீர் குடிக்கப் போனார்கள்.

அந்த நேரம் பார்த்துக் கொலின்ஸ் யன்னலால் எட்டிப் பார்த்தான். இந்தப் பக்கத்தில் கறுப்பில் ஒருவருடைய படமும் வெள்ளை எழுத்தில் பெயரும் வந்தால் மரண அறிவித்தல் என்பதைத் தவிர வேறு அர்த்தம் கிடையாது. அவன் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு கோயிலுக்கு ஓடினான்.

துக்கமணி அடித்தது. கையில் இருந்த தேத்தண்ணீரை அப்படியே வைத்துவிட்டுக் கிறகோரி புறப்பட்டார். செத்த வீட்டுக்குத் தலைவர்தான் முதலில் போக வேண்டும் என்பது அவருடைய கொள்கை. தெருவில் யாரோ ஒருவன் மின்கம்பத்தில் துக்கத்துக்கான வெள்ளைக்கொடி கட்டிக்கொண்டு நின்றான். ஆள் யாரென்று அவரால் மட்டுக்கட்ட முடியவில்லை.

"தம்பி, ஆர் மோசம்போனது?"

"எங்கட கிறகோரி அண்ணை," என்றான் கொலின்ஸ், திரும்பாமலே. குரல் தழுதழுத்தது. "நல்ல மனுசன். பிடிவாதம் ஒண்டுதான்."

"எனக்கென்னடா பிடிவாதம்?"

கொலின்ஸ் திரும்பினான். கொடியும் அவனும் ஒன்றாக வேலிக்குள் விழுந்தார்கள்.

நல்லகாலம், கிறகோரியின் மனைவி வவுனியாவில் மகள் வீட்டில் நின்றாள். ஆனாலும் முற்றத்தில் போட்ட கதிரைகளைத் திருப்பி எடுக்கவும், ஒப்பாரி வைத்த சனத்துக்குத் தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பவும் பொழுது சாய்ந்துவிட்டது.

"இனி எழுத்தே வேண்டாம் பிள்ளை," என்றார் கிறகோரி. "பெருப்பிச்சால் எஞ்சின் வருகுது. கறுப்பாக்கினால் சா வருகுது."

"அப்ப காதால வாசியுங்கோ."

வந்த மின்னஞ்சலைக் கைபேசியே வாசித்துக் காட்டும் என்று யூலியானா செய்து காட்டினாள். வயர் இல்லாத இயர்போனைக் காதுக்குள் வைத்துவிட்டால் அது அவருக்கு மட்டும் கேட்கும். கைபேசியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, கேட்பதைத் திருப்பிச் சொன்னால் போதும். பார்க்கிறவர்களுக்கு அவர் வாசிப்பது போலவே இருக்கும். இரண்டு நாள் பழகிப் பார்த்தார். கடவுள் தன்னைக் கைவிடவில்லை என்று அவருக்குத் தோன்றியது.

ஞாயிறு வந்தது. கோயில் மண்டபம் நிறைந்திருந்தது. மேடையில் புதிய ஸ்பீக்கர் நின்றது. அதற்கும் வயர் தேவையில்லை. அது வேலை செய்கிறதா என்று காலையில் யூலியானா தலைவரின் கைபேசியிலிருந்து ஒரு பாட்டைப் போட்டுப் பார்த்திருந்தாள். பார்த்தவள் அந்தத் தொடர்பை நிற்பாட்ட மறந்துபோனாள்.

"திணைக்களத்தின்ர கடைசி ஈமெயிலை இப்ப நான் வாசிக்கிறன்," என்று கிறகோரி எழுந்து நின்று கம்பீரமாகக் கைபேசியைத் தட்டினார்.

காதுக்குள் ஒரு சத்தமும் இல்லை. மண்டபம் அதிர ஒரு பெண் குரல் பேசியது.

"புதிய மின்னஞ்சல். அனுப்புநர், ஆஸ்பத்திரிக் கண் பிரிவு. திரு கிறகோரி அவர்களுக்கு. உங்கள் கண் சத்திரசிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்டுள்ளது. உங்களுக்குப் பார்வை மிகவும் குறைவு என்பதால், வாசிக்கக்கூடிய ஒருவரைத் துணைக்கு அழைத்து வரவும்."

அவர் நிற்பாட்டும் இடத்தைத் தேடினார். அது கண்ணுக்குத் தெரியவில்லை. கண்டபடி தட்டியதில் குரல் இன்னும் உரத்து முதலிலிருந்து தொடங்கியது. யூலியானா ஓடிவந்து ஸ்பீக்கரை நிற்பாட்டினாள்.

கிறகோரிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இயர்போனைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ஓம். எனக்கு ரெண்டு கண்ணும் ஏலாது," என்றார். "அதை மறைச்சு உங்களை ஏமாத்திப்போட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ. ஆனால் எனக்கு இன்னும் ஒருக்காச் சந்தர்ப்பம் தந்தால், ஒப்பரேசன் முடிச்சு வந்து, இனி ஒருத்தரையும் கரைச்சல்படுத்தாமல், எல்லாத்தையும் நானே தனிய வாசிச்சு, நானே மறுமொழியும் எழுதுவன். இது சத்தியம்."

கைதட்டுவார்கள் என்று எதிர்பார்த்தார். சனம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. பின்வரிசையில் முணுமுணுப்புக் கிளம்பியது. கொலின்ஸ்கூடக் கலவரத்தோடு தலையைச் சொறிந்தான். கடைசியில் புனிதம் எழுந்து சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

"உங்களுக்குக் கண் தெரியாதெண்டு எங்களுக்கு எப்பவோ தெரியும் சம்மாட்டியார், முந்தின தலைவர் எல்லாத்தையும் தானே தனிய வாசிச்சு, தானே மறுமொழி எழுதி எங்களைக் கவிழ்த்தவர் எண்டுதானே, வாசிக்க ஏலாத ஆளாப் பாத்து உங்களைத் தலைவராக்கினனாங்கள்."