என் கிறிஸ்துமஸ் மரத்துக்கு வெள்ளை அடித்த கதை

கடல் இல்லாத ஊர்க்காரன் கடற்கரைப் பெண்ணைக் கட்டிக்கொண்டால் வாயை அடக்கி வைத்துக்கொள்ள வேண்டும். முக்கியமாக, "அது இன்னா பெரிய விஷயம், நான் பாத்துக்கறேன்" என்ற வாக்கியத்தைச் செருப்போடு சேர்த்து வாசலிலேயே கழற்றி வைத்துவிட வேண்டும். எனக்கு இதைச் சொல்ல ஆளில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன், அது வேறு விஷயம்.

நான் உத்திரமேரூர்க்காரன். எங்களுக்குத் தண்ணீர் என்றால் ஏரி. அதில் அலை அடித்தால் எருமை இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். என் மனைவி ஜெனி கோவளத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்தில் பிறந்தவள். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் இருவரும் வேலை பார்த்தோம், பிடித்துப்போனது, ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டோம். எங்கள் நைனா கொஞ்ச நாள் என்னோடு பேசவில்லை. அதற்குள் அறுப்பு வந்தது, மூட்டை தூக்க ஆள் வேண்டியிருந்தது, பேசிவிட்டார்.

மாமியார் வீட்டில் அப்படி எந்த மூட்டையும் இல்லை. மகளோடு போனில் பேசுவார். என்னைப் பற்றிக் கேட்க நேர்ந்தால் "அந்தப் பையன் சாப்ட்டானா" என்பார். மாப்ள என்று ஒரு வார்த்தை வாயில் வராது. எனக்கோ அந்த ஒரு வார்த்தைக்கு உயிரே ஏங்கியது. (சிரிக்காதீர்கள். கல்யாணமான புதிதில் மாமியார் வாயால் மாப்ள என்று கேட்காதவனுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.)

அப்படிப்பட்டவர், முதல் வருஷக் கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டுக்கு வருகிறேன் என்றார். ஜெனிக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

"எங்க வீட்ல வருஷா வருஷம் அம்மா கிளிஞ்சல்லயே நட்சத்திரம், மணியெல்லாம் பண்ணி மரத்துல கட்டுவாங்க. இங்க வந்து மரம் மொட்டையா நின்னா அவங்களுக்கு ஒரு மாதிரி ஆயிடும். கொஞ்சம் கிளிஞ்சல் கெடைக்குமா?" என்றாள்.

சொன்னேன், அந்த வாக்கியத்தை.

மகாபலிபுரம் போய்ப் பொறுக்கிக்கொண்டு வருவதாகத்தான் திட்டம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மழை. அடுத்த ஞாயிறு வண்டி சர்வீஸில். அதற்கடுத்த ஞாயிறு, உண்மையைச் சொல்லிவிடுகிறேன், கிரிக்கெட் மேட்ச். இப்படியே கிறிஸ்துமஸ் வாரமும் வந்து நின்றது. பஜார் தெருவில் நடந்தபோதுதான் பாய் கடை வாசலில் அந்தச் சாக்கைப் பார்த்தேன்.

பாய் கடையில் பெயின்ட், பிரஷ், வண்ணப்பொடி எல்லாம் கிடைக்கும். பொங்கல் வருவதால் புதுச் சரக்கு இறக்கியிருந்தார். வாய் திறந்திருந்த சாக்கு நிறையக் கிளிஞ்சல். அதுவும் எப்படி? பால் போல வெள்ளை. மண் இல்லை, பாசி இல்லை, நாற்றம் இல்லை. கடலே எனக்காக உத்திரமேரூர் வரை நடந்து வந்த மாதிரி இருந்தது.

"பாய், இது கிளிஞ்சல் தானே?"

"சுட்ட கிளிஞ்சல் தம்பி. நைனா வெள்ளை அடிக்கச் சொன்னாரா?"

"இல்ல பாய். வேற ஒரு வேலை கீது."

"இதுல வேற இன்னா வேலை?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு நல்லதாக இருந்த கிளிஞ்சல்களாகவே பொறுக்கிப் பையில் போட்டுக்கொடுத்தார். "எதுக்கோ எடுத்துக்கினு போ. ஆனா தண்ணி படாம பாத்துக்கோ."

பை நனையக் கூடாது என்கிறார், எவ்வளவு நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன். சுட்டால் சுத்தம்தானே, ஆஸ்பத்திரியில் ஊசியைக் கொதிக்க வைப்பதில்லையா என்று அதற்கு ஒரு விளக்கமும் எனக்கு நானே கொடுத்துக்கொண்டேன். நான் பிறந்தபோதே எங்கள் வீட்டில் சுவருக்கு டப்பா பெயின்ட் வந்துவிட்டது. சுண்ணாம்பு எதிலிருந்து வருகிறது என்று யோசிக்கும் அவசியம் எனக்கு வந்ததே இல்லை.

ஜெனி ஷிப்டுக்குப் போகும் நேரமாகப் பார்த்து ரகசியமாக வேலையை ஆரம்பித்தேன். அட்டையில் நட்சத்திரம் வெட்டி, அதன்மேல் கிளிஞ்சல்களை ஒட்டினேன். சின்னச் சின்னதாக நாலைந்தை நூலில் கட்டி மணி செய்தேன். ஓரங்களுக்கு ஜெனியின் தங்க நிற நெயில் பாலிஷ். அம்மாவின் முறுக்கு டப்பாவில் போட்டு மூடி பத்திரப்படுத்தினேன்.

எச்சரிக்கை வராமல் இல்லை. விரல் நுனியெல்லாம் உரிந்தது. கலைஞன் என்றால் இதெல்லாம் சகஜம் என்று பெருமைப்பட்டேன். நூலை எச்சில் தொட்டு முறுக்கும்போது நாக்கு வெந்தது. இரவு ரசம் சாப்பிட முடியாமல் நான் நெளிவதைப் பார்த்து நைனா, "இன்னாடா, வெத்தலைக்கு ஜாஸ்தியா சுண்ணாம்பு தடவிட்டவன் மாதிரி கீற?" என்று கேட்டார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். "ரசம் சூடு நைனா" என்றேன்.

நைனாவே கொல்லையிலிருந்து ஒரு சவுக்குக் கிளையை வெட்டிவந்து மணல் வாளியில் நட்டுக்கொடுத்தார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் காலையில் எல்லாவற்றையும் கட்டித் தொங்கவிட்டேன். ஜெனி பார்த்துவிட்டு வாயில் கை வைத்துக்கொண்டாள். மரத்தடியில் லேசாக வெள்ளைப் பொடி உதிர்ந்திருந்தது.

"இது இன்னாங்க?"

"பனி" என்றேன். கூச்சமே இல்லாமல் சொன்னேன்.

சாயங்காலம் மாமியார் வந்தார். ஒரு கையில் கல்கல் பலகாரம் போட்ட டப்பா, இன்னொரு கையில் மீன். எங்கள் அம்மாவோடு இரண்டு வார்த்தை பேசினார், நைனாவுக்கு வணக்கம் வைத்தார், என்னைத் தாண்டிப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகுதான் மரத்தைப் பார்த்தார். நல்ல வேளை, அவர் மூக்குக் கண்ணாடி பையில் இருந்தது. போட்டிருந்தால் நான் அங்கேயே பிடிபட்டிருப்பேன்.

"யாருடி இத்தனையும் பண்ணது?"

"அவருதாம்மா. எல்லாம் அவரே பண்ணாரு."

மாமியார் மரத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, "அந்தத் தம்பி கடலுக்குப் போயா பொறுக்கினு வந்துச்சி?" என்றார்.

பையனிலிருந்து தம்பி. நான் தலையைக் குனிந்து அடக்கமாகச் சிரித்தேன். ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. இன்னும் ஒரு படி ஏறினால் மாப்ள, அதைக் கெடுப்பானேன்?

கண் கலங்கியிருந்த மாமியார் எழுந்தார். பையிலிருந்து மாதா கோயில் தீர்த்த பாட்டிலை எடுத்தார். மகள் வீட்டில் முதல் கிறிஸ்துமஸ், மந்திரித்த தண்ணீரைத் தெளிக்காமல் விடுவாரா? கையில் ஊற்றி, கண்ணை மூடி ஜெபம் சொல்லி, மரத்தின்மேல் தாராளமாகத் தெளித்தார்.

முதலில் ஒன்றும் ஆகவில்லை. பிறகு மரம் 'உஸ்ஸ்' என்றது.

எல்லோரும் பாம்பு என்று நினைத்துக் கீழே பார்த்தோம். மேலே நட்சத்திரத்திலிருந்து புகை கிளம்பியது. பக்கத்து நட்சத்திரம் 'பட்' என்று வெடித்து இரண்டாகப் பிளந்தது. மாமியார் என்னைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். தீர்த்தம் பட்டுக் கொதிக்கிற வீட்டில் மகளைக் கொடுத்திருக்கிறோம் என்ற திகில் அந்த முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

"ஏசப்பா, எம் பொண்ணக் காப்பாத்துப்பா" என்று முழு பாட்டிலையும் மரத்தின்மேல் கவிழ்த்தார்.

அதற்கப்புறம் கேட்பானேன். மரமே சோறு பொங்குகிற மாதிரி கொதித்தது. நட்சத்திரங்கள் பொலபொலவென்று உதிர்ந்தன, மணிகள் மாவாகின. சத்தம் கேட்டு அடுப்படியிலிருந்து ஓடிவந்த எங்கள் அம்மா புகையைப் பார்த்ததும், ஏதோ சாமிதான் வந்துவிட்டது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு கற்பூரம் எடுக்க உள்ளே ஓடினார். ஜெனி என் சட்டையைப் பிடித்து, "இன்னாத்தங்க பண்ணீங்க?" என்றாள். எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. (ஏற்கெனவே வெந்த நாக்கு.)

நைனாதான் நிதானமாக வந்தார். வாளியில் விழுந்து, தீர்த்தம் பட்டுச் சுண்ணாம்பாக வெந்திருந்த வெள்ளைக் குழம்பைக் குச்சியால் கிளறிப் பார்த்தார்.

"ஏண்டா, வூட்டுக்குத்தான் வெள்ளை அடிப்பாங்க. மரத்துக்கு அடிச்சிக்கினு கீற?"

மாமியார் பையைத் துழாவிக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். உடையாமல் மீந்திருந்த ஒரு துண்டை முந்தானையால் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பையனும் போச்சு, தம்பியும் போச்சு, இனி அந்த ஆள்தான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

மாமியாரின் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று புரியவே எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. உட்கார்ந்து, தூணில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வர வர அப்படிச் சிரித்தார். "இந்தக் கிறுக்கனுக்காடி என்னை விட்டுட்டு ஓடியாந்த?" என்று ஜெனியின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். தட்டிவிட்டு அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டார். அப்புறம் அவர் பார்வை என் உரிந்துபோன விரல்களில் விழுந்தது. சிரிப்பு நின்றது.

"ஐயோ, கைய இன்னா இப்டி வெச்சிருக்கீங்க? தண்ணில வெக்காதீங்க, நல்லா தொடச்சிட்டுத் தேங்காண்ண தடவுங்க மாப்ள."

எரிச்சல் ஒரு பக்கம், ஆனந்தம் ஒரு பக்கம். எண்ணெய் தேய்த்துவிட்டது மாமியார்தான். மறுநாளே கிளம்புவதாக வந்தவர் புதுவருஷம் முடிந்துதான் போனார். வாளியில் இருந்ததை நைனா வீணாக்கவில்லை, மாட்டுக்கொட்டகைக்கு அடித்துவிட்டார்.

அதிலிருந்து வருஷா வருஷம் மாமியாரே ஒரு பை கிளிஞ்சலோடு வருகிறார். எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்து, ஒரு சொம்புத் தண்ணீரில் ஒரு கிளிஞ்சலைப் போடுவார். காதைச் சொம்பருகே வைத்துக் கேட்பார். "ஒண்ணும் கொதிக்கல மாப்ள. தொங்க விடலாம்" என்று அறிவித்த பிறகுதான் நான் மரத்தைத் தொட அனுமதி.

எங்கள் மகள் இதைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறாள். போன வருஷம் மறைக்கல்வி வகுப்பில், கிறிஸ்துமஸுக்கு வீட்டில் என்னென்ன செய்வீர்கள் என்று சிஸ்டர் கேட்டிருக்கிறார். ஜெபம், கேக், குடில் என்று ஒவ்வொரு பிள்ளையும் சொல்லியிருக்கிறது. இவள் எழுந்து, "மொதல்ல கிளிஞ்சலத் தண்ணில போட்டு எங்கப்பா நல்லவரான்னு பாப்போம் சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.