எண்ணூறு வீடுகளுக்குப் போன பொத்தான்

கணினியில் குடும்ப ஆல்பம் செய்கிறவர்கள் என்று ஓர் இனம் யூட்டா மாநிலம் முழுக்கப் பரவியிருக்கிறது. தெருவுக்கு இருவர் நிச்சயம். புகைப்படத்தைத் திரையில் வைத்து, அதைச் சுற்றி ரிப்பன், ஊக்கு, கிழிந்த காகிதம், காய்ந்த பூ என்று ஒட்டி அழகு பார்ப்பது இவர்கள் வேலை. ஒட்டுவது என்றதும் பசையைத் தேடாதீர்கள், எல்லாம் திரைக்குள்தான். இவர்களிலும் ஒரு தனி ரகம் உண்டு. அடுத்தவர் செய்த ரிப்பனை விரலால் தொடாது. தன் பொத்தானைத் தானே செய்துகொள்ளும். அந்த ரகத்தைத்தான் இப்போது கிட்டப் போய்ப் பார்க்கப்போகிறோம். பயப்பட வேண்டாம், கடிக்காது. தலை நிமிர்ந்தால்தானே கடிப்பதற்கு!

லேட்டன் ஊர் ஜெனீல் டோல்மன் ஒரு வட்டம் போடுவாள். வட்டத்துக்கு விளிம்பு கட்டுவாள், விளிம்புக்கு மினுக்கம் ஏற்றுவாள், நடுவில் நான்கு துளை போடுவாள், துளைகளுக்குள் நூல் விடுவாள், நூலின் நுனி பிரிந்து கிடப்பதாக ஒவ்வோர் இழையையும் தனித்தனியாக வரைவாள், பிறகு எல்லாவற்றுக்கும் அடியில் நிழல் விழவைப்பாள். நிழல்தான் உயிர். அவள் உலகத்தில் சூரியனுக்கு இடப்பக்க மேல்மூலைதான் நிரந்தர விலாசம். அங்கிருந்து ஓர் அங்குலம் நகர அவனுக்கு உத்தரவில்லை. இப்படி ஒரு பொத்தானுக்கு இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் அவள் கணவன் டெவான், அறுந்துபோன சட்டைப் பொத்தானுக்குப் பதில் ஊக்குக் குத்திக்கொண்டு வேலைக்குப் போனான்.

நான்கு பிள்ளைகள். அவர்கள் பள்ளிக்கூடம் சேர்ந்த நாள், பல் விழுந்த நாள் எல்லாம் இன்னும் கேமராவுக்குள்ளேயே கிடக்கின்றன. ரிப்பன்களோ நிறவாரியாக, அகலவாரியாக, முடிச்சுவாரியாகப் பதினோராயிரம். அவற்றுக்கு மூன்று இடங்களில் பிரதி. வீடு பற்றி எரிந்தாலும் ரிப்பனுக்கு ஒன்றும் ஆகாது.

ஒரு முறை பக்கத்து வீட்டில், பிறக்கப்போகும் குழந்தைக்குப் பரிசு கொடுக்கும் விருந்து. பரிசுப் பெட்டிமேல் அசல் பட்டு ரிப்பன். ஜெனீல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா நிஜம் மாதிரியே இல்லையே" என்றாள்.

இன்னொரு நாள் ஆல்பத்துக்குப் பழமை வேண்டியிருந்தது. பழமைக்குக் காபிக் கோப்பையின் வட்டக் கறை வேண்டும். அவர்களோ காபி வாடையே படாத குடும்பம்; அவர்கள் போகும் கிறிஸ்தவ சபையில் காபி விலக்கு. எனவே கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு அடுத்த ஊர் பெட்ரோல் பங்க் கடை வரை போய் ஒரு கோப்பை வாங்கி வெளியே வந்தாள். எதிரே பிஷப்பின் மனைவி வண்டிக்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தாள்.

"சிஸ்டர் டோல்மன்! என்னம்மா அது கையில?"

"ஐயோ, குடிக்கிறதுக்கு இல்லீங்க. கறைக்கு!"

"காபி வாங்கினவங்க எத்தனையோ சாக்கு சொல்லிக் கேட்டிருக்கேன். தலைவலிக்குன்னாங்க, மாமாவுக்குன்னாங்க. கறைக்குன்னு சொன்னது நீ ஒருத்திதாம்மா."

இதுவரை சிரிக்கலாம். இனி கொஞ்சம் கஷ்டம்.

டெவானின் அப்பா ஆக்டனில் ரயில்வே கண்டக்டர். மகன் பிறந்த நாற்பதாம் நாள், பெட்டிகளுக்கு நடுவே நசுங்கி இறந்துபோனார். கண்டக்டர் கோட்டோடு மகனைக் கையில் ஏந்தி நிற்கிற படம் ஒன்று இருந்தது. உலகத்தில் அவருக்கு இருந்த ஒரே படம் அதுதான். நிலவறையில் தண்ணீர் புகுந்த வருஷம் காகிதப் படம் கூழாகிவிட, அதற்கு முன்பே ஸ்கேன் செய்து வைத்திருந்தது மட்டும் ஜெனீலின் கணினியில் தங்கியது. ஜூலையில் டோல்மன் குடும்பம் மொத்தமும் கூடுகிறது. பிப்ரவரியிலேயே டெவான் கேட்டுவிட்டான்.

"ஒரே ஒரு பக்கம் போதும், ஜெனீல். நடுவுல அப்பா படம். கீழ பேரு. அவ்வளவுதான்."

"மொட்டையா வைக்கச் சொல்றியா? உன் அப்பா, டெவான்! லைசென்ஸ் அட்டையா இது?"

ஆரம்பித்தாள். மார்ச் முழுக்க ஓரத்தில் தையல் போட்டாள். ஏப்ரலில் பழைய ரயில் டிக்கெட் ஒன்றை வரைந்து, அதைக் கசக்கி, கசங்கல் இயற்கையாக இல்லை என்று நீவி, மறுபடி கசக்கினாள். மே மாதம் தண்டவாளத்துக்குத் துரு ஏற்றினாள். டெவான் வாரம் ஒரு தரம் எட்டிப்பார்ப்பான்.

"அப்பா வந்தாச்சா?"

"வருவாரு, வருவாரு. முதல்ல அவருக்கு இடம் தயாராகட்டும்."

ஜூனில் பித்தளைப் பொத்தான் ஒன்று தேவைப்பட்டது. வரைந்து பார்த்தாள், திருப்தியில்லை. அசல் எங்கே கிடைக்கும்? மாமனார் நெஞ்சிலேயே இருந்தது. படத்தைத் திறந்து, எட்டு மடங்கு பெரிதாக்கி, மேலிருந்து மூன்றாவது பொத்தானைச் சுற்றிப் புள்ளி புள்ளியாகக் கோடு போட்டுப் பிரித்தெடுத்தாள். அற்புதமாக வந்தது. தேவையில்லாத மிச்சத்தை அழித்தாள். மிச்சம் என்றால் என்ன? ஒரு மனிதர், ஒரு குழந்தை, பின்னால் ஒரு வீடு. பழைய கோப்பின் மேலேயே எழுதிவிடட்டுமா என்று கணினி பணிவாகக் கேட்டது. அது தினமும் நாற்பது தடவை கேட்கிற கேள்வி. ஆம் என்று தட்டினாள்.

சீருடைப் பொத்தானுக்கு முகத்தில் துளை கிடையாது, அடியில்தான் வளையம் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஜெனீலுக்கு மட்டும் அது குறையாகப் பட்டது. நான்கு துளை போட்டாள், நூல் கோத்தாள், நிழல் விழவைத்தாள், இணையத்தில் தன் தோழிகள் குழுவில் இலவசமாகப் போட்டாள். எண்ணூறு பெண்கள் எடுத்துக்கொண்டார்கள். 'இவ்வளவு உயிரோட்டமான பொத்தானை நான் பார்த்ததில்லை' என்று ஒருத்தி எழுதினாள். அன்று முழுக்க ஜெனீலுக்குக் கால் தரையில் பாவவில்லை.

கூட்டத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது டெவான் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"பிரமாதம். நடுவுல மட்டும் ஏன் காலியா இருக்கு?"

"படத்தை இழுத்து வைக்க வேண்டியதுதான் பாக்கி. இதோ பாரு."

கோப்பைத் திறந்தாள். வெற்றுத் திரையில் ஒரு பொத்தான். மூடித் திறந்தாள். அதே பொத்தான்.

"அப்பா எங்க?"

"இது வந்து... அவரு கோட்டுப் பொத்தான்."

"பொத்தான் தெரியுது. அதைப் போட்டிருந்தவரு எங்க?"

மூன்று பிரதிகளையும் டெவான் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தான். ரிப்பன், ரிப்பன், ரிப்பன். கணினி பழுதுபார்க்கிறவன் ஒரு நாள் முழுக்கத் தோண்டிவிட்டு, படம் இருந்த இடத்தில் அதற்குப் பிறகு திரும்பத் திரும்பச் சேமித்த தண்டவாளங்கள் போய் உட்கார்ந்துவிட்டன என்று கையை விரித்தான்.

ஜெனீல் அழுதாள். அழுகை நிஜம்தான், அதில் குறை சொல்லக் கூடாது. அழுதபடியே குழுவில் செய்தியை எழுதினாள். எண்ணூறு பேரும் பதறிப்போனார்கள். ஒரு மணி நேரத்துக்குள் ஒருத்தி 'இழப்பு' என்று தலைப்பிட்டு ஒரு தொகுப்பே செய்து அனுப்பிவிட்டாள்: கறுப்பு ரிப்பன் ஆறு, வாடிய ரோஜா நாலு, கண்ணீர்த் துளி ஒரு டஜன். ஜெனீல் நன்றி சொல்லி இறக்கிக்கொண்டாள்.

"துளிக்குள்ள வெளிச்சம் எப்படி வந்திருக்கு பாரேன், டெவான்" என்றாள்.

டெவான் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "அந்த நாலு ஓட்டையையாவது அடைச்சுக் கொடு. எங்கப்பா போட்டிருந்தது ஓட்டைப் பொத்தான் இல்ல" என்றான்.

அடைத்துக் கொடுத்தாள். அரை நிமிட வேலை. கூட்டத்தில் அந்தப் பக்கத்தை ஆளுயரத்துக்குத் திரையில் போட்டபோது, தையலையும் துருவையும் கசங்கிய டிக்கெட்டையும் எல்லோரும் மெச்சினார்கள். டெவானின் அக்கா மட்டும் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நடுவிலிருந்த வெற்றிடத்தில் கடைசிவரை தேடிக்கொண்டிருந்தாள்.

என்ன ஜென்மங்கள் என்று தலையில் அடித்துக்கொள்கிறீர்களா? அடித்துக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் கைப்பேசியை எடுங்கள். உங்கள் பெயருக்குப் பக்கத்தில் சின்ன வட்டத்தில் ஒரு படம் வைத்திருக்கிறீர்களே, ஏதோ கல்யாணத்தில் எடுத்தது, உங்கள் முகம் மட்டும் நன்றாக அமைந்துவிட்டது என்று ஓரங்களை நறுக்கிவிட்டு வைத்தது, அதைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். உங்கள் தோள்மேல் நான்கு விரல்கள் மிச்சமிருக்கின்றன. அது யாருடைய கை?