ஆயில்கேனும் அழுத ரோபோவும்

திருப்பூரில் ஓடுகிற தையல் மெஷின்கள் அத்தனையையும் ஒரு பக்கமும், எங்கள் கம்பெனி மெக்கானிக் ஆயில்கேனை மறுபக்கமும் நிறுத்தினால், மனித உணர்ச்சி கூடுதலாக இருப்பது மெஷின்கள் பக்கம்தான் என்று நான்கு வருடம் நம்பியிருந்தேன்.

அவருக்கு நாற்பத்தாறு வயது. கல்யாணம் ஆகவில்லை. சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் சின்ன ஆயில்கேன் இருக்கும்; அதுவே பெயராகிவிட்டது. கட்டிங் மாஸ்டர் மகள் கல்யாணத்தில், சரியாகத் தாலி கட்டுகிற நேரத்தில் மண்டபத்துக் கதவு கிறீச்சிட்டது. எழுந்து போய் ஆறு கீல்களுக்கும் எண்ணெய் விட்டுவிட்டு வந்தார். கல்யாண ஆல்பத்தில் மூன்று படங்களில் அவர் முதுகு மட்டும் இருக்கிறது.

நான் அங்கே டைம் ஆபீசில் இருந்தேன். மொத்தம் நாற்பத்திரண்டு மெஷின்கள். எது எப்போது நின்றது, என்ன கோளாறு, எத்தனை நிமிடம் வீண் என்று பிரேக்டவுன் நோட்டில் எழுதுவது என் வேலை.

ஆயில்கேனின் ஒரே பொழுதுபோக்கு, ரோபோ காதலிக்கிற படங்கள். எந்த நாட்டுப் படமானாலும் தமிழில் பேசினால் போதும். மதியச் சாப்பாட்டு நேரம் முப்பது நிமிடம். செல்போனை டிபன் கேரியரில் சாய்த்து வைப்பார். சுற்றிலும் எட்டுப் பேர் உட்காருவார்கள். நான்கு நாளில் முடிய வேண்டிய படம் ஒன்பது நாள் ஓடும். காரணம், நடுநடுவே படத்தை நிறுத்தி அவர் ரிப்பேர் சொல்லுவார்.

வீட்டு வேலைக்கு வந்த ரோபோ, அந்த வீட்டுப் பெண்ணை நினைத்துக் கண்ணீர் விடும். படம் நிற்கும்.

“கண்ணுல தண்ணி வருதுன்னா எங்கியோ சீல் போயிருக்குதுங்க. லீக்கு.”

அது கொட்டுகிற மழையில் போய் நின்று காதலைச் சொல்லும். படம் மறுபடியும் நிற்கும்.

“குடை புடிக்கோணும்னு தெரியல பாருங்க. நாளைக்குத் துருப் புடிச்சா ஆரு பாக்கறது?”

நெஞ்சுக்குள் என்னவோ சுடுகிறது என்று ரோபோ உருகும்.

“அது ஓவர் ஹீட்டுங்க. உள்ள ஃபேனைத் தொடச்சா செரியாப் போயிரும்.”

ஒரே படத்தை இருபத்து மூன்று முறை நிறுத்தியதை எண்ணியிருக்கிறேன்.

அந்த எட்டுப் பேரில் மரகதமும் ஒருவர். பதினேழாம் நம்பர் ஓவர்லாக் மெஷினில் தைப்பவர். தினமும் மங்கலத்திலிருந்து பஸ்ஸில் வருவார். நாற்பது வயது, தனி ஆள். வாய் மட்டும் நாலு பேருக்குக் காணும்.

“அதுக்கு மனசு வந்துருச்சுங்க மெக்கானிக். உங்குளுக்கு அதெங்க புரியும்?”

“மனசுக்கெல்லாம் ஸ்பேர் கெடைக்காதுங்க.”

“அதானுங்க உங்குளுக்கு இன்னும் மாட்டாம வெச்சிருக்கறாங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். ஆயில்கேன் சிரிக்கவில்லை. ஆனால் நிறுத்திய படத்தை அன்று மறுபடி ஓடவிட மறந்துவிட்டார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

உறைத்தது நோட்டைப் பார்த்தபோதுதான். மூன்று மாதத்தில் நாற்பத்தொரு மெஷின்கள் குறைந்தது இரண்டு முறையாவது நின்றிருந்தன. பதினேழு ஒரு முறைகூட நிற்கவில்லை. எழுத மறந்துவிட்டேனோ என்ற பயத்தில் மறுநாள் அரை மணி நேரம் முன்னதாகவே போனேன். ஆளில்லாத ஹாலில் ஆயில்கேன் பதினேழின் முன்னால் குந்தியிருந்தார். ஊசியை மாற்றி, கத்தியைத் தீட்டி, பழைய டூத் பிரஷ்ஷால் பஞ்சைத் தட்டிக்கொண்டிருந்தார். தினமும் காலையில் இதே வேலையாம்.

“அந்தம்மா மேல அவ்வளவு அக்கறையா?”

“மெஷின் மேலீங்க” என்றார். ஃபேனுக்கு நேர் கீழே இருந்தும் முகமெல்லாம் வேர்வை. ஓவர் ஹீட்.

அங்கேதான் சிக்கல். நிற்காத மெஷினிடம் மெக்கானிக்குக்கு என்ன வேலை? ஹாலில் எல்லோரிடமும் போய்ப் பேச அவருக்கு ஒரு கோளாறு இருந்தது. மரகதத்திடம் தனியாக நாலு வார்த்தை பேசும் வழியை மட்டும் தன் கையாலேயே அடைத்து வைத்திருந்தார்.

இதற்கிடையில் மரகதம் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே, தீபாவளி போனஸ் வாங்கியதும் பெருமாநல்லூரில் வேறு கம்பெனிக்குப் போகப்போவதாகச் சொன்னார். எங்கள் ஊரில் ஆட்கள் கம்பெனி மாறுவது அப்போதுதான். பன்னிரண்டு வேலை நாட்கள் மீதி இருந்தன. அது ஐந்தானபோது எனக்கே தூக்கம் போய்விட்டது. ஆயில்கேனைத் தனியே கூப்பிட்டேன்.

“ஒரு ஸ்க்ரூவை லூசாக்கி விடுங்க. மெஷின் நிக்கும். போய் மனசுல இருக்கறதைச் சொல்லுங்க.”

கொலை செய்யச் சொன்னதைப் போலப் பார்த்தார். “நல்லா ஓடற மெஷினைக் கெடுக்கச் சொல்றீங்களே சாமி. இந்தக் கைக்கு அது வராதுங்க.”

ஐந்து நான்காகி, மூன்றாகி, ஒன்றானது. அந்தக் கடைசி நாள் காலை பதினொன்று இருபதுக்குப் பதினேழாம் நம்பர் நின்றது.

ஆயில்கேன் பெட்டியோடு ஓடினார். ஊசி, லூப்பர், கத்தி என்று ஒவ்வொன்றாகக் கழற்றினார். தரையில் வரிசையாக வைத்த ஸ்க்ரூக்களை முப்பத்தொன்று வரை எண்ணினேன். கோளாறு மட்டும் கிடைக்கவில்லை. மெஷினில் கை வைப்பதற்கு முன்னால் கரண்ட்டைப் பார் என்பது அவர் எல்லோருக்கும் சொல்லும் முதல் பாடம். அன்று அவருக்கே அது மறந்துபோனது. இருபத்தைந்து நிமிடம் வேடிக்கை பார்த்துவிட்டு மரகதம் கேட்டார்.

“ஏனுங்க, பிளக்கைப் பாத்தீங்களா?”

மேசைக்கு அடியில் பிளக் தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

“ஆருங்க புடுங்குனது?”

“நாந்தானுங்க. மூணு மாசமாப் பாக்கறேன், இந்தச் சனியன் நிக்கவே மாட்டீங்குது. பொறவு உங்களை எப்புடித்தான் கூப்புடறது?”

ஆயில்கேன் கையில் ஸ்க்ரூ டிரைவரோடு, சார்ஜ் தீர்ந்ததுபோல அப்படியே நின்றார். பிறகு சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தார்.

“சீல் போயிருச்சுங்களா மெக்கானிக்?”

“ஆமாங்க” என்றார் அவர்.

தை மாதம் கல்யாணம். மண்டபத்துக் கதவுகளுக்கு முந்தின நாளே எண்ணெய் விட்டிருந்தார். இப்போது இரண்டு பேருக்கும் பெருமாநல்லூரில்தான் வேலை. நான் ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறேன்.

போன மாதம் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளிலும் எங்கள் வீட்டு மிக்சி ஓடவில்லை. நான்கு முறையும் போன் செய்தேன். நான்கு முறையும் ஆயில்கேன் இரண்டு பஸ் மாறி வந்து, மிக்சியை அக்கக்காகக் கழற்றி, ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டு, பிளக்கைக் கடைசியாகத்தான் பார்த்தார்.